தொடக்க நிலைப் பாத்திரங்களுக்கு விருப்ப விதிகளை வடிவமைத்தல்: ஒரு முழுமையான வழிகாட்டி

பாத்திரமேற்பு விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதையை ஆடுவார்கள்; நடத்துநர் எனப்படும் ஒருவர் கதையையும் எதிரிகளையும் நடத்துவார். அதில் விருப்ப விதி எனப்படுவது, ஒரு குறிப்பிட்ட மேசையைச் சுற்றி அமரும் சிலர், தமது ஆட்டத்துக்கு மட்டும் உரியதாக, எல்லோருடைய சம்மதத்துடனும் சேர்த்துக்கொள்ளும் விதியாகும். நூலில் உள்ள விதி பிழை என்று அது சொல்வதில்லை. இவ்வகை விதிகளுள் தொடக்க நிலைப் பாத்திரங்களுக்கானவை தனித்தன்மை கொண்டவை, ஏனெனில் அவை உதவவேண்டிய காலம் மிகக் குறுகியது. பாத்திரம் முதலிரண்டு லெவல்களை, அதாவது வலிமைப் படிகளை, கடந்ததும் அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. ஆயினும் நான் பார்த்த வீட்டுவிதிகளுள் பெரும்பாலானவற்றில் விதி எப்படித் தொடங்குகிறது என்பது மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அது எப்போது முடிகிறது என்ற வரி இருக்காது. இந்த வழிகாட்டியின் படிகள் எல்லாம் விடுபட்ட அந்த வரியை நோக்கியே செல்கின்றன.

யாழ்ப்பாணத்தில் இவ்விளையாட்டை ஆடுபவர்களின் சூழலை மனத்தில் வைத்தே இதனை எழுதுகிறேன். ரியூசன் முடிந்த மாலையிலோ போயா விடுமுறையிலோ ஒரு வீட்டு விறாந்தையில் நாலைந்து பேர் கூடுவார்கள். இருக்கும் ஒரு தொகுதிப் பகடையைக் கைமாற்றிக்கொள்வார்கள். விதிநூலைக் கைப்பேசியில் பி.டி.எப். ஆக வாசிப்பார்கள். இருட்ட முன்னர் வீட்டுக்குப் போகவேண்டியவர்கள் இருப்பதனால், ஒரு அமர்வுக்கு இரண்டு மணிநேரம், கூடினால் இரண்டரை. இந்தச் சிறிய பொழுதில் பாத்திரத்தை உருவாக்குவதற்கே முதல் அமர்வு முழுவதும் போய், இரண்டாவது அமர்வின் முதல் மோதலில் அப்பாத்திரம் இறந்துபோனால், அந்த ஆட்டக்காரர் மூன்றாவது அமர்வுக்கு வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

எடுத்துக்காட்டுகளுக்கு டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்பு விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் 2014 ஆம் ஆண்டு வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், எவரும் அதனைப் படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியமைக்கலாம். பணம் கொடுத்து நூல் வாங்க முடியாத குழுவுக்கும் இது கைக்கு எட்டுவதாலேயே இதனைத் தேர்ந்தேன்.

முதற்படி: சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

விதியை எழுதுவதற்கு முன்னர் சிக்கலை எழுதவேண்டும். "புதியவர்களுக்குச் சலிப்பாக இருக்கிறது" என்று எழுதினால் அது முறைப்பாடு. அதற்கு விதி எழுத முடியாது. "மந்திரவாதியாக ஆடுபவர் முதல் மோதலின் இரண்டாம் சுற்றில் வீழ்ந்து, மிகுதி நேரம் முழுவதும் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று எழுதினால் அது சிக்கல். யார், எப்போது, எதனால், அதனால் மேசையில் என்ன நடக்கிறது என்ற விவரங்கள் அந்த வாக்கியத்தில் இருக்கவேண்டும்.

தொடக்க நிலையில் அடிக்கடி காணப்படும் சிக்கல்கள் சில உண்டு. பாத்திரம் மிக எளிதில் இறந்துபோவது ஒன்று. முதலாம் லெவல் மந்திரவாதி தன்னிடமுள்ள இரண்டு மந்திர இடங்களையும் (மந்திரம் ஏவும் வாய்ப்புகளை) செலவழித்தபின் செய்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லாமல் இருப்பது இன்னொன்று. இனம், வகுப்பு (போர்வீரர், மந்திரவாதி போன்ற வகை), பின்புலம், மந்திரப் பட்டியல் என்று நீளும் தெரிவுகளுக்கு முன்னால் புதியவர் திகைத்து நிற்பது வேறொன்று. உடல்வலு போன்ற திறன் எண்களைப் பகடையால் உருட்டியபோது ஒருவருக்கு மட்டும் மிக நன்றாக விழுந்துவிடுவதும் உண்டு. இந்தக் கடைசிச் சிக்கலுக்கு விருப்ப விதியே தேவையில்லை. 15, 14, 13, 12, 10, 8 என்ற நிலையான தொகுதி நூலிலேயே இருக்கிறது. நான்கு அறுமுகப் பகடைகளை உருட்டிச் சிறியதை விலக்கும் முறையின் சராசரி ஏறத்தாழ 12.24, நிலையான தொகுதியின் சராசரி 12. இந்தச் சிறு இழப்புக்கு ஈடாக ஒருவர்மேல் ஒருவர் பொறாமைப்படும் நிலை அடியோடு நீங்குகிறது. பகடை உருட்டும் இன்பத்துக்காக இதனை மறுப்பவர்களை நான் அறிவேன்; அந்த இன்பம் ஐந்து நிமிடத்துக்கு, அந்த எண்களோ ஆட்டம் முடியும்வரைக்கும்.

இரண்டாம் படி: எண்களைக் கணக்கிடுங்கள்

எளிதில் இறப்பது என்ற சிக்கலையே இந்த வழிகாட்டி முழுவதற்கும் எடுத்துக்கொள்வோம். இது இவ்விளையாட்டோடு கூடப் பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 1974 இல் வெளியிட்ட முதல் பதிப்பில், தொடக்க நிலை மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி (இது பூச்சியமானால் பாத்திரம் வீழும்) ஒரே ஒரு அறுமுகப் பகடையால் தீர்மானிக்கப்பட்டது. ஒன்று விழுந்தால் உயிர்ப்புள்ளி ஒன்றுதான். பிந்திய பதிப்புகள் இதனைப் பல வகையில் இளக்கின. 2008 இல் வந்த நான்காம் பதிப்பு, வகுப்புக்குரிய எண்ணுடன் உடல்வலு எண்ணை முழுதாகக் கூட்டி, முதலாம் லெவலிலேயே இருபதுக்கு மேற்பட்ட புள்ளிகளைச் சாதாரணமாக்கியது. 2014 ஆம் ஆண்டு வடிவம் அதிலிருந்து பின்வாங்கி, பகடையின் உச்ச எண்ணுடன், உடல்வலு எண்ணிலிருந்து பெறப்படும் சிறிய கூட்டெண்ணை மட்டும் சேர்த்தது. அதனால் மந்திரவாதிக்கு 6 உடன் கூட்டெண், போர்வீரருக்கு 10 உடன் கூட்டெண்.

இப்போது கோப்ளின் என்ற சிறிய அரக்க எதிரி ஒன்றை எதிரே நிறுத்துங்கள். அதன் தாக்குதலுக்குக் கூட்டெண் 4; பட்டால் சேதம் ஓர் அறுமுகப் பகடையுடன் 2. மந்திரவாதியின் கவச எண் 12, உடல்வலுக் கூட்டெண் பூச்சியம், உயிர்ப்புள்ளி 6 என்று கொள்வோம். இருபது முகப் பகடையின் எண்ணுடன் 4 ஐக் கூட்டிக் கவச எண்ணை எட்டினால், அதாவது பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால், அடி படும். 8 முதல் 19 வரையான பன்னிரண்டு முகங்களில் சாதாரண அடி. அதில் அறுமுகப் பகடை 4, 5, 6 காட்டினால் ஆள் விழுந்துவிடுவார். 20 விழுந்தால் இரட்டை அடி; சேதப் பகடை இரட்டிக்கும். அப்போது விழாமல் தப்புவது அரிது. எல்லாவற்றையும் கூட்டினால், ஒரே தாக்குதலில் மந்திரவாதி வீழ்வதற்கு ஏறத்தாழ 35 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. இரண்டு கோப்ளின்கள் அடுத்தடுத்துத் தாக்கினால் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டாகிறது. மீண்டும் எழும்ப முடியாதபடி அந்த இடத்திலேயே சாவதும் நடக்கக்கூடியதே. வீழ்த்தியபின் எஞ்சும் சேதம் பாத்திரத்தின் முழு உயிர்ப்புள்ளிக்குச் சமமானால், வீழ்ந்தவர் சாவாரா என்பதைத் தீர்மானிக்கும் மரணப் பகடைக்கே இடமில்லை என்பது விதி. ஆறு புள்ளி உள்ளவருக்குப் பன்னிரண்டு சேதம் போதும். இரட்டை அடி விழும் ஆறு முறையில் ஒரு முறை அது நிகழும்.

இதே மந்திரவாதிக்கு உடல்வலு எண் 14 ஆக இருந்து, அதன் கூட்டெண் 2 சேர்ந்து உயிர்ப்புள்ளி 8 ஆனால் என்ன நடக்கும்? ஒரே தாக்குதலில் வீழும் வாய்ப்பு 35 இலிருந்து ஏறத்தாழ 14 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. ஒரே அடியில் சாகும் வாய்ப்பு முற்றாக மறைந்துவிடுகிறது, ஏனெனில் கோப்ளினின் இரட்டை அடி 14 ஐத் தாண்டாது. இரண்டே இரண்டு புள்ளிகள் செய்யும் வேலை இது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்தாம் "எல்லோருக்கும் பத்துப் புள்ளி கூடுதல்" என்ற விதியை எழுதுகிறார்கள். அந்தப் பத்து, 6 புள்ளி மந்திரவாதியை 16 ஆக்கி இரண்டரை மடங்குக்கு மேல் உயர்த்துகிறது; 12 புள்ளிப் போர்வீரரை 22 ஆக்கும்போது இரண்டு மடங்குக்கும் எட்டுவதில்லை. முன்வரிசையில் நின்று அடி வாங்குவதற்காகப் போர்வீரரைத் தெரிந்தெடுத்தவர், தன் தனிச்சிறப்பில் ஒரு பங்கு பறிபோனதை எண்களாகக் காணாவிட்டாலும் மேசையில் உணர்ந்துகொள்வார்.

இந்தப் படியிலேயே இன்னொன்றையும் சரிபார்க்கவேண்டும்: சிக்கல் பாத்திரத்தில் இருக்கிறதா, நடத்துநர் அமைத்த மோதலில் இருக்கிறதா? 2014 வடிவத்தின் மோதல் கணக்கின்படி நான்கு கோப்ளின்களை வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி 200. எண்ணிக்கைக்காக அதனை இரட்டித்தால் 400. முதலாம் லெவலில் உள்ள நால்வருக்கு மிகக் கொடிய மோதலின் எல்லையும் 400 தான். ஆளுக்கு ஒரு கோப்ளின் என்பது பார்வைக்கு நியாயமாகத் தெரிந்தாலும், நூலின் கணக்கிலேயே அது உயிராபத்தான மோதல். இரண்டு கோப்ளின்களோடு நிறுத்தினால் சிக்கல் தீருமானால் விதி எழுதவேண்டிய தேவை இல்லை. கொப்பியை மூடிவைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.

மூன்றாம் படி: எங்கே தலையிடுவது என்று தீர்மானியுங்கள்

ஒரே சிக்கலுக்கு நான்கு இடங்களில் தலையிடலாம். பாத்திரத்தை உருவாக்கும்போது கூடுதல் புள்ளி கொடுக்கலாம். பகடை உருட்டும்போது மறுஉருட்டலோ கூட்டெண்ணோ கொடுக்கலாம். பாத்திரம் வீழும் கணத்தில் தலையிடலாம். அல்லது ஆட்டத்தின் தொடக்கத்தையே வேறுவிதமாக அமைக்கலாம்.

இவற்றுள் கூட்டெண்ணைத் தொடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். கவச எண்ணில் ஒன்று கூட்டுவது சிறிய உதவியாகத் தோன்றும். கவச எண் 16 உள்ள போர்வீரரைக் கோப்ளின் இருபதில் ஒன்பது முகங்களில் அடிக்கிறது. ஒன்று கூட்டினால் எட்டு முகங்களில். அதாவது அவர் மேல் படும் அடிகளில் ஒன்பதில் ஒன்று குறைகிறது. ஏற்கெனவே கவசம் உயர்ந்தவருக்கே கூடிய பயன் தரும் உதவி இது. மந்திரவாதிக்கு இதே ஒன்று பதின்மூன்றில் ஒன்றை மட்டுமே குறைக்கிறது. உதவி தேவைப்படாதவருக்குக் கூடுதலாகவும் தேவைப்படுபவருக்குக் குறைவாகவும் சேரும் விதி எவ்வளவு எளிமையாக எழுதப்பட்டிருந்தாலும் கைவிடத்தக்கது.

தொடக்கத்தையே வேறுவிதமாக அமைப்பதற்கு டன்ஜன் க்ரோல் கிளாசிக்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. 2012 இல் வெளிவந்த அவ்விளையாட்டில் ஒவ்வொருவரும் பூச்சிய லெவலில் உள்ள பல சாதாரண ஊர்மனிதர்களை ஒரே நேரத்தில் ஆடுவார்கள். அவர்களுக்குத் தொழில் உண்டு, வகுப்பு இல்லை. உயிர்ப்புள்ளி ஒரு நான்முகப் பகடை. அபாயகரமான முதல் பயணத்தில் பலர் மடிய, தப்பியவரே முதலாம் லெவல் பாத்திரம் ஆவார். சாவு அங்கே தோல்வியாக எண்ணப்படுவதில்லை, ஆளைத் தெரிந்தெடுக்கும் வழியாக இருக்கிறது. வடிவமைப்பு என்ற அளவில் இது மிகக் கூர்மையான தீர்வு. ஆனால் இதனை மேசைக்குக் கொண்டுவருமுன் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். எமது ஊரில் சாதாரண மனிதர்கள் கூட்டமாக மடிவதைச் சிரித்துக்கொண்டு ஆடுவது எல்லோருக்கும் இயல்வதல்ல; வீட்டில் படத்துக்கு விளக்கு வைப்பவர் அதே மேசையில் இருக்கலாம். கேட்டுவிட்டு ஆடுவது நல்லது; தனியாகக் கேட்பது அதைவிட நல்லது.

நான் பெரிதும் விரும்புவது பாத்திரம் வீழும் கணத்தில் தலையிடும் விதிகளையே. அவை தேவைப்படும்போது மட்டும் விழித்துக்கொள்கின்றன. மோதலின் மற்றக் கணக்குகளைத் தொடுவதில்லை. இவ்வகையில் மிகச் சிக்கனமானது, 1977 இல் தொடங்கிய டிராவலர் விளையாட்டில் பின்னர் சேர்க்கப்பட்ட விருப்ப விதி. அவ்விளையாட்டில் பாத்திரத்தின் இளமைக்காலச் சேவையைப் பகடையால் உருட்டும்போது, உயிர்தப்பும் உருட்டல் தவறினால் ஆட்டம் தொடங்குமுன்னரே பாத்திரம் இறந்துவிடும். விருப்ப விதியோ, தவறியவர் காயமடைந்து சேவையிலிருந்து விலகுவதாகக் கொள்ளலாம் என்றது. மரணத்தை விலையாக மாற்றியது அவ்வளவே. வேறு எந்த எண்ணும் அசையவில்லை. 2019 ஆம் ஆண்டின் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொருவரும் அமர்வின் தொடக்கத்தில் ஒரு வீரப்புள்ளி பெறுகிறார்கள். சாகும் தறுவாயில் கையிலுள்ள வீரப்புள்ளிகள் அனைத்தையும் கொடுத்து உயிர் தப்பலாம். அமர்வு முடிந்ததும் எஞ்சியவை போய்விடும். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நல்ல விதியில் உதவியும் விலையும் மட்டுமன்றி முடிவும் இருப்பது தெரியும்.

நான்காம் படி: நான்கு வரிகளில் வரைவு எழுதுங்கள்

ஒவ்வொரு விதிக்கும் நான்கு வரிகள் எழுதும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்: சிக்கல், உதவி, விலை, முடிவு. எந்த வரியை எழுத முடியவில்லையோ அந்த இடத்தில் விதி இன்னும் சிந்திக்கப்படவில்லை. புதிதாக நடப்பட்ட கன்றுக்கு வெயில் படாமல் வைக்கும் ஓலை மறைப்பை, வேர் பிடித்ததும் எடுத்துவிடுவது போன்றதே கடைசி வரி. எடுக்காமல் விட்டால் கன்று நோஞ்சானாகவே வளரும்.

செய்து காட்டுவதற்காக ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்வோம். 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்வதற்குச் சில ஆண்டுகள் முன்னர், நல்லூருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் கதை நடக்கிறது. ஒருவர் சங்கு குளிப்பவர். ஒருவர் வன்னியிலிருந்து கொண்டுவரப்படும் யானைகளைப் பராமரிக்கும் பாகன். ஒருவர் ஏடு எழுதத் தெரிந்த இளம் மந்திரவாதி. ஒருவர் அரசப் படையில் சேரக் காத்திருக்கும் வீரர். கோப்ளினின் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பெயரைக் கடற்கொள்ளையன் என்று மாற்றிக்கொள்ளலாம். விதிக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை.

முதல் வரைவு இப்படி இருக்கட்டும்: "முதலாம், இரண்டாம் லெவல் பாத்திரம் பூச்சிய உயிர்ப்புள்ளிக்கு வீழும்போது, அமர்வுக்கு ஒரு முறை, ஒரு புள்ளியுடன் நின்றுகொள்ளலாம்." எளிமையான விதி, மேசையில் எல்லோரும் உடனே சம்மதிப்பார்கள். ஆனால் நூலைப் புரட்டினால் ஹாஃப்-ஓர்க் இனத்துக்கு ஏறத்தாழ இதே வல்லமை முன்னரே கொடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்: நீண்ட ஓய்வுக்கு ஒரு முறை, வீழவேண்டிய அவர் ஒரு புள்ளியுடன் நிற்பார். அந்த இனத்தைத் தெரிந்தெடுத்தவர் எதற்காகத் தெரிந்தெடுத்தாரோ அதனை எங்கள் விதி எல்லோருக்கும் இலவசமாக வழங்கிவிட்டது. எனவே வரைவு எழுதியதும் செய்யவேண்டிய முதல் வேலை, அதே உதவியை நூலில் வேறு யாராவது விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்களா என்று தேடுவதாகும். இனங்களின் சிறப்புகள், வகுப்புகளின் முதல் மூன்று லெவல்கள், முதலாம் நிலை மந்திரங்கள் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். தொடக்க நிலையில் மோதல் ஏற்படக்கூடியவை அநேகமாக அங்கேதான் இருக்கும்.

திருத்திய வரைவு வேறொரு திசையில் செல்கிறது. பாத்திரம் வீழட்டும், ஆனால் சாகவேண்டாம். விலையாகக் கதையில் ஒரு கடன் ஏறட்டும். இதற்கு ஊர்க்கடன் என்று பெயரிடுவோம்.

"உங்கள் பாத்திரம் முதலாம் அல்லது இரண்டாம் லெவலில் இருக்கும்போது பூச்சிய உயிர்ப்புள்ளிக்கு வீழ்ந்தால், ஊர்க்கடன் என்று நீங்கள் அறிவிக்கலாம். அறிவித்ததும் பாத்திரம் மயங்கிய நிலையில் நிலைப்படுகிறது. மரணப் பகடை உருட்டுவதில்லை. மோதல் முடிந்தபின், உங்களைக் காப்பாற்றியவர் யார், அவருக்கு என்ன கடன்பட்டீர்கள் என்பதை நீங்களும் நடத்துநரும் சேர்ந்து தாளில் எழுதுங்கள். அக்கடன் தீரும்வரை இவ்விதியை நீங்கள் மீண்டும் பயன்படுத்த முடியாது. மூன்றாம் லெவலை அடையும்போது இவ்விதி தாளிலிருந்து வெட்டப்படும். தீராத கடன் கதையில் தொடரும்."

நிலைப்பட்டவர் நான்முகப் பகடை காட்டும் மணிநேரம் கழித்து ஒரு புள்ளியுடன் தானாக விழிப்பார் என்ற வழமையான விதி அப்படியே நிற்கிறது. தோழர் யாராவது குணமாக்கும் மந்திரத்தைச் செலவழித்தால் அப்போதே எழும்பலாம். ஹாஃப்-ஓர்க்கின் சிறப்பு தன் மதிப்பை இழக்கவில்லை, ஏனெனில் அவர் மட்டுமே விழாமல் நிற்கிறார். கடனும் கதைக்குத் தீனி போடுகிறது: சங்கு குளிப்பவரை வள்ளத்தில் ஏற்றிவந்த முதியவரின் மகன் ஒருவன் கொள்ளையரிடம் அகப்பட்டிருக்கலாம், மந்திரவாதியைத் தன் வளவில் ஒளித்துவைத்த பெண் ஓர் ஓலையை நல்லூருக்கு இரகசியமாகக் கொண்டுபோகச் சொல்லலாம். கடன் ஒன்றிரண்டு அமர்வுகளில் தீரக்கூடிய அளவில் இருக்கவேண்டும். பெரிய கடன் எழுதினால் விதி ஒரு தடவையோடு செத்துவிடும்.

ஐந்தாம் படி: தனியே ஆடிச் சோதியுங்கள்

நண்பர்களைக் கூட்டுமுன், நீங்களே நான்கு பாத்திரத் தாள்களையும் பகடையையும் வைத்துக்கொண்டு, ஒரே மோதலை விதியின்றியும் விதியோடும் மாறிமாறிப் பல தடவைகள் ஆடிப்பாருங்கள். எத்தனை சுற்று சென்றது, யார் வீழ்ந்தார், விதி எத்தனை முறை விழித்தது என்று குறியுங்கள். எல்லா மோதலிலும் விழிக்கும் விதி அளவுக்கு மிஞ்சியது. ஒன்றிலும் விழிக்காத விதி தேவையற்றது. ஒரு சோதனையில் ஒரே ஒரு விதியைத்தான் மாற்றவேண்டும். இரண்டை ஒன்றாகச் சேர்த்தால் எது வேலை செய்தது என்று தெரியாது போகும்.

இச்சோதனையில் ஊர்க்கடனின் ஓட்டைகள் தாமாகவே வெளிவரும். ஒரே அடியில் சாகும் அளவுக்குச் சேதம் வந்தால் விதி பொருந்துமா? வரைவில் சொல்லப்படவில்லை. மேலே போட்ட கணக்கின்படி அவ்வகைச் சாவு தொடக்க நிலை மந்திரவாதிக்கே உரிய ஆபத்து ஆகையால், பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதவேண்டும். மயங்கிக் கிடப்பவரை எதிரி மீண்டும் தாக்கினால் என்ன? பூச்சியத்தில் கிடப்பவர் சேதம் வாங்கினால் நிலைப்பாடு கலைந்து, மரணப் பகடையில் ஒரு தோல்வி ஏறும். அருகில் நின்று அடித்தால் இரட்டை அடியாகி இரண்டு தோல்விகள். காப்பாற்றிய விதியே அடுத்த முறையில் பொய்த்துப்போகும். "அந்த மோதல் முடியும்வரை எதிரிகள் அப்பாத்திரத்தைத் தாக்குவதில்லை" என்ற வரியைச் சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடும். எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்து, எல்லோரும் ஊர்க்கடன் அறிவித்தால்? காப்பாற்ற எவரும் இல்லாதபோது, குழு முழுவதும் கொள்ளையரின் கைதிகளாக ஒரே இடத்தில் விழித்தெழும் என்று வைத்துக்கொள்ளலாம். தோல்வி தோல்வியாகவே நிற்கும், ஆட்டமும் நிற்காது.

கடைசியாக, மேசையில் மிகக் கெட்டிக்காரத்தனமாக விதியை வளைப்பவர் யாரோ அவருடைய மூளையை இரவல் வாங்கி யோசியுங்கள். சாகமாட்டேன் என்ற துணிவில் அவர் தனியே பகைவர் கூட்டத்துக்குள் பாய்வாரா? ஒரு முறை பாயலாம். கடன் தீராமல் மறுமுறை பாய்ந்தால் சாவார். விலை இங்கேதான் தன் வேலையைச் செய்கிறது. விலையில்லாத விதியில் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

ஆறாம் படி: மேசையின் சம்மதம்

எழுதிய விதியை அமர்வின் தொடக்கத்தில் சத்தமாக வாசித்து, ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டும். ஆனால் எமது குழுக்களில் நடத்துநர் பெரும்பாலும் வயதில் மூத்தவர். மற்றவர்கள் அவரை அண்ணா என்றோ அக்கா என்றோ அழைப்பவர்கள். "உங்களுக்குச் சரியோ?" என்று அவர் கேட்டால், "ஓம் அண்ணா" என்பதைத் தவிர வேறு விடை வருவது அரிது. அந்த ஓம் சம்மதமாகாது, அது மரியாதை. ஆகவே கையளவு தாள்துண்டுகளைக் கொடுத்து, வேண்டும், வேண்டாம், பொருட்டில்லை என்ற மூன்றில் ஒன்றைப் பெயரின்றி எழுதச் சொல்லுங்கள். ஒரு வேண்டாம் வந்தாலும் விதியை அன்று சேர்க்கவேண்டாம். விருப்ப விதியில் பெரும்பான்மைக்கு இடமில்லை என்பது என் உறுதியான கருத்து. சாவின் அச்சத்துக்காகவே ஆடுபவர் ஒருவர் இருந்தால், அவர் மட்டும் விதியைப் பயன்படுத்தாமல் இருக்கலாம் என்று பேசி முடிக்கவும் வழியுண்டு.

இதே அமர்வில் இன்னொரு சிறிய விதியையும் முன்வைக்கலாம். தெரிவுகளுக்கு முன்னால் திகைப்பவர்களுக்கானது அது. பாத்திரத் தாளில் பெயரும் வகுப்பும் மட்டும் நிலையானவை. மற்ற எல்லாவற்றையும் இரண்டாம் லெவல் வரும்வரை, அமர்வுகளுக்கு இடையில், கேள்வியின்றி மாற்றியெழுதலாம். மந்திரம் பிடிக்கவில்லையென்றால் வேறு மந்திரம். வில் வேண்டாமென்றால் ஈட்டி. பிழையாகத் தெரிவுசெய்துவிடுவோமோ என்ற பயம் போனதும், பாத்திரம் உருவாக்கும் நேரம் வெகுவாகச் சுருங்கும். இதற்கு விலை எதுவும் வைக்கவேண்டியதில்லை. எவருடைய தனிச்சிறப்பையும் இது பறிப்பதில்லை. முடிவு மட்டும் வேண்டும், அதுவும் எழுதப்பட்டுவிட்டது.

ஏழாம் படி: விதியை வெளியேற்றுதல்

ஐந்தாம் பதிப்பில் இரண்டாம் லெவலுக்கு 300 அனுபவப் புள்ளியும், மூன்றாம் லெவலுக்கு 900 உம் போதும். நாலாவதற்கு 2,700 வேண்டும். முதல் இரண்டு லெவல்களையும் விரைவில் கடக்கும்படியே நூல் வகுக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் லெவலில் ஆறு புள்ளி மந்திரவாதி சராசரியாக 14 புள்ளிகளில் நிற்பார், இரண்டாம் நிலை மந்திரங்களும் கைவரும். கோப்ளினின் ஒரே அடியில் அவர் வீழ்வதற்கு இரட்டை அடியும் சேதப் பகடை இரண்டிலும் ஆறும் ஒன்றாக விழவேண்டும். நாம் முதற்படியில் எழுதிய சிக்கல் வாக்கியம் இனி உண்மையல்ல.

அந்த அமர்வில் ஊர்க்கடன் வரியை ஒவ்வொருவரும் தம் தாளில் பேனையால் வெட்டவேண்டும். "இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்" என்ற குரல் கட்டாயம் எழும். நன்றாக வேலை செய்த விதிக்குத்தான் அது எழும். அதற்கு இசைந்து காலத்தை நீட்டவேண்டாம். ஐந்தாம், ஆறாம் லெவல்களிலும் சாவு குறித்த சிக்கல் இருக்கிறதென்றால், அங்கே மதகுருவிடம் இறந்தவரை உயிர்ப்பிக்கும் மந்திரம் வந்துவிட்டது, எதிரிகளின் சேதக் கணக்கும் வேறாகிவிட்டது. ஆகவே முதற்படியிலிருந்து தொடங்கி, புதிய சிக்கல் வாக்கியத்துடன் புதிய விதியை எழுதவேண்டும். பழைய விதியின் காலத்தை நீட்டுவது பழைய கணக்கைப் புதிய எண்களுக்குப் பொருத்துவதாகும்.

அனுபவப் புள்ளியைக் கணக்கிடாமல், கதையின் கட்டங்களைக் கொண்டு லெவல் உயர்த்தும் நடத்துநர்கள் முடிவு வரியை மாற்றி எழுதவேண்டும். "குழு ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை மீட்கும் அமர்வின் இறுதியில்" என்று ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்டால் போதும். பாத்திரத்தின் வலிமை ஏறாத விளையாட்டுகளில் இந்தக் கேள்வி வேறுவிதமாக எழும். 1981 இல் வந்த கோல் ஆஃப் துலூவில், பாத்திரங்களின் உயிர்ப்புள்ளி அனுபவத்தால் வளர்வதில்லை. முதல் நாளும் பத்தாவது அமர்வும் ஒரே ஆபத்துத்தான். அங்கே தொடக்க நிலை என்பது ஆட்டக்காரரைப் பற்றியதே ஒழிய பாத்திரத்தைப் பற்றியதல்ல. எனவே உதவியை ஒருவருடைய முதல் கதைக்கு என்று வரையறுத்து, இரண்டாவது கதையில் அவருக்கு அது இல்லை என்று எழுதுவதே பொருந்தும்.

இடையில் வந்து சேருபவர்கள் குறித்தும் ஒரு வரி தேவைப்படும். குழு நாலாம் லெவலில் இருக்கும்போது புதியவர் ஒருவர் அதே லெவலில் பாத்திரம் எடுத்தால், அவருக்கு ஊர்க்கடன் பொருந்தாது, ஏனெனில் அவருடைய பாத்திரத்துக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் மாற்றியெழுதும் உரிமையை அவருக்கு இரண்டு அமர்வுகளுக்குக் கொடுக்கவேண்டும். நாலாம் லெவல் தாளில் தெரிவுகள் இன்னும் அதிகம், அவற்றை ஆடிப் பார்த்தவர் அவர் அல்லர். மற்றவர்களின் தாள்களில் தீராமல் கிடக்கும் கடன்களுள் ஒன்றோடு அவருடைய பாத்திரத்தைத் தொடர்புபடுத்துவதும் நடத்துநருக்கு எளிது: மந்திரவாதியை ஒளித்துவைத்த பெண்ணின் தம்பியாகவோ, அந்த ஓலையைத் தேடி நல்லூரிலிருந்து வந்தவராகவோ அவர் மேசைக்கு வரலாம்.